ஹமீதின் வலது கண்

மங்கலம்பேட்டை,
நோன்பு பதினான்கு

அன்புள்ள மச்சானுக்கு, ஜெரினாவின் ஸலாம். நானும் பிள்ளைகளும் நலம். நீங்கள் நலம் என்று சொல்வதைத்தான் நம்ப முடியவில்லை. போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல, நெட்டு சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் வெள்ளிக்கிழமை குவைத் திரும்பும் பரக்கத்துல்லா பாயிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதினோரு நாளாக வீடியோவில் முகம் காட்டவில்லை. உங்கள் அறையில் இருப்பவரிடம் கேட்டேன். கண் சிவந்திருக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, நோன்பு தொடங்கியதிலிருந்து பகலில் சொட்டு மருந்து விடுவதில்லை என்றார்.

உங்களுக்குக் கருவிழி மாற்றிய டாக்டரம்மாவை நேற்று பார்த்தேன். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் பெரும்பாலும் கொடுத்தவரின் ரத்த வகை பார்ப்பதில்லையாம். ஆனால் உங்கள் கண் பீங்கான் சில்லு பட்டுப் புண்ணாகி, ரத்தக் குழாய் உள்ளே வளர்ந்த கண். அந்த வழியாக உடம்பு புதுக் கருவிழியை அந்நியம் என்று கண்டுகொள்ளுமாம். வகை மாறியிருந்தால் ஆபத்து கூடலாம் என்று சிலர் சொல்கிறார்களாம், முடிவாகவில்லை. "வகைய விடும்மா. மருந்த நிறுத்துனதுதான் தப்பு. அங்கயே உடனே டாக்டர பாத்தா காப்பாத்தலாம், நாள் போனா முடியாது" என்றார்.

நம் பள்ளிவாசல் இமாமிடமும் மகனை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறியாது என்றாராம். "ஹமீது மார்க்கத்தையே மிஞ்சுறானே" என்று சிரித்தாராம்.

இன்னொன்றை இதுவரை மறைத்தேன். விருத்தாசலத்தில் நீங்கள் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் செல்வநாயகியம்மா, ஆறு மாதமாக ஞாயிறுதோறும் நம் வீட்டுக்கு வருகிறார். போன வருடம் சேத்தியாத்தோப்பு சாலையில் பைக் விபத்தில் இறந்த மகன் அறிவழகனின் கண்களைத் தானம் கொடுத்தவர். யாருக்குப் போனது என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. மறுநாள் உங்களுக்கு ஆபரேஷன் நடந்ததால் அவராகவே முடிவு செய்துவிட்டார். உண்மையா என்று தெரியாது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வீடியோவில் பேசும்போது, படத்தில் விழாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஞாயிறு உங்கள் ரத்தம் என்ன வகை என்று கேட்டார். ஓ என்றேன். அவன் பி என்றார். பிறகு, "புது எடத்துல அவனுக்குச் சட்டுன்னு தூக்கம் வராதும்மா. சின்னதுலேருந்தே அப்படித்தான். உங்க வூட்டுக்காரர கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு" என்றார். அதிலிருந்து உங்களை நினைத்தாலே அங்கே இரண்டு பேர் விழித்திருப்பதுபோல் தோன்றுகிறது.

பரக்கத்துல்லா பாய் இறங்கியதும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுக்காதீர்கள். ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ போடுங்கள். எதுவும் பேச வேண்டாம். சிவந்திருந்தாலும் பரவாயில்லை, வலது கண்ணைக் கொஞ்ச நேரம் காட்டுங்கள். அந்த அம்மா மதியம் லுஹருக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்.

அல்லாஹ் உங்கள் பார்வையைக் காக்கட்டும்.

உங்கள் துஆவில் இருக்கும்,
ஜெரினா