இருட்டறையைக் கழுவிய பிறகு

அன்பு அண்ணே,

உன் இருட்டறையைக் கழுவி முடித்துவிட்டேன். ட்ரேக்களைக் கறை போகத் தேய்த்தேன். போத்தல்களில் நீ சேர்த்து வைத்திருந்த பழைய ஹைப்போவை எல்லாம் கொட்டினேன். படம் கெடாமல் நிற்பதற்கான மருந்து அது. என் மூக்கிலிருந்து அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. நீ இருந்தவரை அந்தக் கதவுக்குள் என்னை விட்டதே இல்லையே, ஏன்?

போன வாரம் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா அக்கா பஸ்ஸில் வந்தார். மகள் இந்தியாவுக்குக் கப்பலேறும் முன் நம் ஸ்டூடியோவில் எடுத்த படத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். சேலைக்கரை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்பு.

"எம் புள்ள மூஞ்சி எங்க தங்கச்சி?" என்றார்.

நெகட்டிவைத் தேடி எடுத்தேன். அதுவும் கெட்டுப்போயிருந்தது. உடனே, நமக்கு மருந்து விற்கும் ஹனிபா நானாவிடம் சண்டைக்குப் போனேன். கெட்ட சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன்.

"என் சரக்க ஏசாதீங்க தங்கச்சி. டவுன் கல்யாணப் படமெல்லாம் நல்லாத்தானே இருக்கு? தோட்டத்து ஆக்களுக்குப் பழைய ஹைப்போத் தண்ணியே போதும்னு ஒங்க அண்ணன்தான் இந்தா, இங்க நின்னு சொன்னாரு. வேணாம்னேன். சிரிச்சாரு."

நம் அம்மா எங்கே கொழுந்து பறித்தாள் அண்ணே? நாம் இரண்டு பேரும் எந்தத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தோம்? தொழிற்சங்கக் கூட்டத்தில் தோட்டத்து சனத்தின் மானத்தைப் பற்றி நீ பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவள் நான். அன்று காலையிலும் இந்தப் பழைய தண்ணீரில்தான் அவர்கள் படத்தை முக்கினாயா?

செல்லம்மா அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் உன்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"எனக்குப் படிப்பு இல்ல, அவளுக்கும் இல்ல. கடுதாசியும் வராது. இந்த மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். கெட்டுப்போன படத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் திரும்பவும் முடிந்துகொண்டார்.

உன் திவசத்துக்குப் படம் வேண்டும் என்று அம்மா கேட்டாள். உன் நெகட்டிவ் ஒன்றிலிருந்து, ஹனிபா நானா சொல்லித்தந்தபடி புது ஹைப்போ கலக்கி, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிப் படம் எடுத்தேன். தெளிவாக வந்திருக்கிறாய். அதே சிரிப்பு.

அதைக் கடை வாசலில் மாட்டப் போகிறேன். முகம் அழிந்த படத்தோடு யார் வந்தாலும், இன்னார் செய்த வேலை என்று உன்னைக் காட்டியே சொல்வேன். உயிரோடு இங்கே இருப்பவர்களை மறுபடி எடுத்துக் கொடுப்பேன். போனவர்களை என்ன செய்ய?

உன் முகம் மட்டும் அழியாது அண்ணே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா
மாத்தளை