உன் குரலுக்கு ஒரு ஐகான்

இறந்துபோன மகளின் குரலைக் கேட்கவேண்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அதை எடுத்து அவர் கண்ணில் படும்படி வைக்கலாமா? மகள் எதற்காக, எங்கே வைத்தாளோ அங்கேயே விட்டுவிடுவதுதான் சரியா? எனக்குப் பதில் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாய்; சொன்ன பிறகு நான் அரை மணி நேரம் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். இப்போது இரண்டு பக்கமும் நானே பேசவேண்டியிருக்கிறது.

உன் மடிக்கணினி தெம்பனிஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. இன்று காலை உன் அண்ணன் கொண்டுவந்தார். பயணப்பெட்டி விற்கிற அவர் கடையில் வேறென்ன கிடைக்கும்? ஒரு சின்னப் பயணப்பெட்டிக்குள் வைத்து, ரயிலில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். புதுப் பெட்டியின் ரப்பர் வாடை வாசலிலேயே அடித்தது. கணினியின் மூடியைத் திறந்தபோது அதற்கடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்தது. உம்மா உன் விரல்களில் தேய்த்துவிட்ட தைலம். விசைகளின் இடுக்குகளில் அது இன்னும் போகவில்லை.

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார். உனக்காக ஓதியவர்கள் எல்லாரும் வந்து போய் வீடு அடங்கிய பிறகு, உம்மா உன் கணினியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். திறந்தால் கறுப்புத் திரை. படமில்லை, எழுத்தில்லை, மணி காட்டும் கடிகாரம்கூட இல்லை. சுட்டியை அசைத்தால் ஓர் அம்புக்குறி மட்டும் அசைந்தது. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து, கடைக்கு இரண்டு தெரு தள்ளிப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவரும் பார்த்துவிட்டு, டெஸ்க்டாப்பே போய்விட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றாராம்.

"நல்லவேள, அவரு சாப்பிடப் போயிட்டாரு லா," என்றார் அண்ணன். "அதுக்குள்ள உம்மா போன் பண்ணி, உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம எதும் செய்யாதன்னாங்க. அவ குரல் இதுக்குள்ளதானே இருக்கு?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப உம்மாவுக்குக் கண்ணுல தெரியற மாதிரி வச்சுக் குடுங்கமா. அமுக்குனா அவ பேசணும். அவ்வளவுதான். நாளைக்கு வர்றீங்களா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு போன பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பதே எனக்கு உறைத்தது.

பழுது பார்ப்பவர்மேல் எனக்குக் கோபமில்லை. கறுப்புத் திரையோடு திறக்கும் கணினியைக் கெட்டுப்போனது என்று நினைப்பதுதான் இயல்பு. அது நன்றாக இருந்தது என்பதும், நீ அதை அப்படித்தான் வைத்திருந்தாய் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் நம் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் போட்டோம். முழு டெஸ்க்டாப் சூழலோடு வந்ததை நான் எடுத்துக்கொண்டேன். திரையில் ஐகான்கள், கீழே ஒரு பட்டை, மூலையில் கடிகாரம், நிரல்களின் பட்டியல், கோப்புகளைப் பார்க்க ஒரு நிரல், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான், குப்பைத்தொட்டி என்று எல்லாமே ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டு வந்து உட்காரும். நீ அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு விண்டோ மேனேஜரை மட்டும் வைத்துக்கொண்டாய். அதற்குத் தெரிந்த வேலை மிகக் குறைவு. திறக்கும் சாளரம் எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளவேண்டும், விசைப்பலகையில் தட்டுவது எந்தச் சாளரத்துக்குப் போகவேண்டும், எந்த விசையை அழுத்தினால் எது ஓடவேண்டும், இவ்வளவுதான். என் சூழலுக்குள்ளேயும் ஒரு விண்டோ மேனேஜர் இருக்கத்தான் செய்தது. வீட்டுக்குள் குழாய் ஓடுவதுபோல, அது இருப்பதே எனக்குத் தெரியாது. நீ அந்தக் குழாயை மட்டும் வாங்கிவந்து வீடு என்றாய்.

"நீ ஃபர்னிச்சரோட வாடகைக்கு எடுத்த வீட்ல இருக்க," என்றாய். "என் வீட்ல நான் வாங்கி வச்சது மட்டும்தான் இருக்கும்."

"உன் வீட்ல ஒரு நாற்காலி இல்லயேடி."

"எனக்கு நின்னே பழக்கம்."

இந்தச் சண்டை நம் இருபதுகளில் தொடங்கி, நாற்பதுகளிலும் ஓயவில்லை. என் பக்கத்திலும் நியாயம் இருந்தது; இப்போதும் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். பேட்டரி தீரப்போகிறது என்று உன் கணினி உனக்குச் சொல்லாது. சொல்லவேண்டுமென்றால் அதற்கு நீயே தனியாக ஒன்றை எழுதிவைக்கவேண்டும். நீ எழுதவில்லை. தேக்கா உணவங்காடியில் ஒரு மதியம், நீ வேலை பார்த்த கப்பல் நிறுவனத்துக்காக எதையோ அடித்துக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று செத்துப்போனது. பக்கத்து மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடியும் கறுப்பாத்தாம்மா இருந்திச்சு, இப்ப என்ன புதுசா?" என்றார். நான் சிரித்து முடிக்கும்வரை நீ என்னைப் பார்க்கவே இல்லை. அன்று மாலையே உட்கார்ந்து பேட்டரிக்கு எழுதினாய் என்று பிறகு தெரிந்தது.

உன் நோய் பேச்சில் தொடங்கியது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். சிலருக்குக் கைகாலில் தொடங்குமாம், உனக்கு நாக்கில். வார்த்தைகள் குழறத் தொடங்கியதுமே பேச்சுப் பயிற்சியாளர் உன் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நாம் அண்ணன் கடையின் மாடிக்குப் போனோம். கூரைவரை பயணப்பெட்டிகள் அடுக்கியிருந்த அந்த அறையில் எதிரொலியே எழாது, அதைவிட நல்ல ஒலிப்பதிவுக்கூடம் சிராங்கூன் சாலையில் கிடைக்காது என்றாய். பெட்டிகளுக்கு நடுவே நீ ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேச, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ பெட்டியின் விலையைக் குறைக்கச் சொல்லி அண்ணனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஓயும்வரை காத்திருந்து மறுபடி பேசினாய்.

குடும்பத்துக்கு என்று சில வார்த்தைகள் பேசி வைக்கலாமே, அம்மாவுக்கு, அண்ணனுக்கு, பின்னால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான் அதை நினைவுபடுத்தினேன். நீ மைக்கைத் தள்ளிவிட்டாய்.

"இது சாமான். ஞாபகார்த்தம் இல்ல," என்றாய். அப்போதே அந்த வாக்கியம் உனக்கு முழுதாக வரவில்லை. இரண்டு தரம் சொன்னாய்.

அதனால் நீ பதிந்தவையெல்லாம் தேவைகள்தான். தலையணையை உயர்த்துங்கள். விளக்கை அணையுங்கள். கதவை மெல்லச் சாத்துங்கள். வலிக்கிறது. போதும். ஒவ்வொன்றையும் ஒரு விசையோடு கட்டினாய். குரல் முழுதும் போன பிறகு நீ அப்படித்தான் பேசினாய். கறுப்புத் திரையில் எதுவும் மாறாது, ஒரு விரல் அழுந்தும், உன் பழைய குரல் எழும். எனக்கென்றும் ஒரு விசை ஒதுக்கியிருந்தாய். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அது ஒலிக்கும்: "வாடி, ஐகானெல்லாம் சௌக்கியமா?"

டெஸ்க்டாப் சூழலிலும் விசைகளை இப்படி அமைக்கலாம், கூடவே பெரிய எழுத்து, திரையில் விசைப்பலகை என்று உதவிகள் எல்லாம் தயாராக இருக்கும் என்று நான் விடாமல் சொன்னேன். என் பழைய கணினியை ஒரு வாரம் உன்னிடம் கொடுத்தும் பார்த்தேன். ஒரு பிற்பகல் உனக்குச் சளி அடைத்தது. உம்மாவைக் கூப்பிட நீ விசையைத் தட்டிய அந்த நேரம் பார்த்து, புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவலாமா என்று ஒரு சாளரம் தானாக முன்னால் வந்து நின்றது. நீ தட்டியது அதற்குப் போனது. குரல் எழவில்லை. நான் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. உன்னைச் சாய்த்துப் பிடித்து, மூச்சு சீரான பிறகு, நீ அந்தச் சாளரத்தைக் கண்ணால் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். உன் கணினியில் நீ கூப்பிடாமல் எதுவும் வராது. அந்த வாதத்தில் நீ ஜெயித்தாய். ஜெயித்த முகம் உனக்கு அன்று இல்லை.

பிறகு விரல்கள். வலக்கை போனதும் விசைகளையெல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்தாய். இடக்கையில் ஒவ்வொரு விரலாக ஓய, எட்டுகிற விசைகள் குறைந்தன. எட்டாதவற்றின் வரிகளை நீ அழிக்கவில்லை; நிரல் எழுதுகிறவர்கள் செய்வதுபோல, முன்னால் ஒரு குறியிட்டு முடக்கிவைத்தாய். இன்று அந்தக் கோப்பைத் திறந்தேன். கடைசியில் உயிரோடு இருப்பவை மூன்று வரிகள்: வலிக்கிறது, போதும், இன்னொன்று என்னுடையது. இதை நான் எந்த அர்த்தமும் ஏற்றாமல் எழுதுகிறேன். எனக்கானது உன் கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்த பெரிய விசையில் இருந்தது. எட்டியது, அதனால் இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி வாரங்களில் அந்த மூன்றும் இல்லை. கண்ணசைவைப் பார்த்துப் பேசும் கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்தார்கள். அது உன் பெயரை யாரோ வெள்ளைக்காரப் பெண்போல் உச்சரித்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். கருவியில் பழுதில்லை என்று கொண்டுவந்தவர் பலமுறை விளக்கினார். நீ திறக்கவில்லை.

இப்போது என் மேசையில் இருப்பது நீ சாமான் என்று சொன்னது. அதை ஞாபகார்த்தம் ஆக்கித்தரச் சொல்கிறார்கள். ஆவி, ஆன்மா இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. உனக்கு இருந்தது, அதைப் பற்றி நாம் பேசுவதில்லை என்று வைத்திருந்தோம். என்னைப் பொறுத்தவரை இவை ஒலிக்கோப்புகள். ஆனால் ஒலிக்கோப்புகள் என்றால் நான் ஏன் பிற்பகல் முழுதும் ஒன்றையும் கேட்காமல், பெயரை மட்டும் படித்துப் படித்து மூடிக்கொண்டிருந்தேன்?

அண்ணனுக்குப் போன் செய்தேன். அதில் பாசமாக எதுவும் இல்லை, அதைச் செய், இதைச் செய் என்றுதான் இருக்கும், உம்மாவுக்கு ஏமாற்றமாகிவிடப்போகிறது என்றேன்.

"அவ என்னைக்குமா பாசமாப் பேசுனா?" என்றார். "வேலதான் வைப்பா." கடையில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.

கடைசியில் நான் செய்தது இது. உன்னுடையதை அழிக்கவில்லை. இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம். உம்மாவுக்கு என்று தனிக் கணக்கு திறந்து, அதற்கு மட்டும் முழு டெஸ்க்டாப் சூழலைப் போட்டேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று கேட்கும் வசதியை முதல் வேலையாக அணைத்தேன். உன் குரல்களை எடுத்துத் திரையில் பெரிய பெரிய படங்களாக வரிசையாக வைத்து, கீழே தமிழில் பெயரெழுதினேன். என்னுடையதை வைக்கவில்லை. வலிக்கிறது என்பதையும் வைக்கவில்லை. பார்க்கப் பிரகாசமாக, பாலர் பள்ளிச் சுவர்போல இருந்தது. நீ பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டாய். புருவம் மட்டும் போதும். உன் கறுப்புத் திரை உன் பெயரில் அப்படியே இருக்கிறது. உள்ளே நுழையும் இடத்தில் உன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வரும். தேர்ந்தெடுக்க யாருமில்லை, அவ்வளவுதான்.

சரியா தவறா என்று இன்னும் தெரியாமலேதான் மூடிவைத்தேன்.

இதுவரை எழுதியது நேற்று; இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் புக்கிட் மேராவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உனக்காக வாடகைக்கு எடுத்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நாற்காலி போட்டு உம்மா உட்கார்ந்திருந்தார். கணினியை முன்னால் வைத்துத் திறந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படங்களுக்குக் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு முதலாவதைக் காட்டினார். நான் அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் விரல் அழுத்தியது.

"உம்மா, தண்ணி," என்றாய். தெளிவாக, கொஞ்சம் அவசரமாக.

உம்மா எழுந்தார். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் அடுக்களைக்குள் போய்விட்டார். குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு டின்னின் மூடி திறக்கும் சத்தம், கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம். வெறும் தண்ணீர் உனக்குப் புரையேறும் என்பதால், கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பதற்கு வாங்கிய மாவு. அதை இன்னும் தூக்கிப்போடவில்லை போலிருக்கிறது. கட்டி தட்டாமல் கரையும்வரை கலக்கினார்.

கோப்பையோடு வந்து நாற்காலிக்கருகில் நின்றார். எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "உம்மா, ஒக்காருங்க," என்றார் அண்ணன். அவர் உட்காரவில்லை.

"வேற எதும் கேக்குறாளான்னு பாரு," என்றார் என்னிடம்.

நான் அடுத்ததை அழுத்தினேன். காற்றாடியைக் குறைக்கச் சொன்னாய். அண்ணன் எழுந்துபோய்க் குறைத்தார்.