காந்தி மார்க்கெட் வரை உன்னை அனுப்பினேன்

இன்று காலை லேப் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஸ்பிரிட் ஊற்றி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பவித்ரா வந்து நின்றாள். கல்யாணமாகி ஐந்து வருஷமான என் பெண், உறையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கைப்பையில் ஒரு சின்ன டப்பாவோடு வந்திருந்தாள். பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது, பார்த்துச் சொல் என்றாள். கர்ப்பம் பார்க்கிற கார்டில் மூன்று சொட்டு விட்டேன். ஒரு கோடுதான் வந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த ஸ்பிரிட் வாசனையில் பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன். அதில் உட்கார்ந்து என்னோடு வேலை பார்த்த நீ, போன ஆடியில் நெஞ்சுவலி வந்து கண்ணை மூடிவிட்டாய். எனக்குத்தான் பழக்கம் போகவில்லை.

இதே கார்டை நாம் இரண்டு பேரும் எத்தனை பெண்களுக்குப் பார்த்திருப்போம். இரண்டு கோடு வந்தால் போதும், ஊருக்கே கேட்கிற மாதிரி "நல்ல சேதிம்மா" என்று கத்திவிடுவேன். ஒரு முறை மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த பெண், ஏற்கெனவே மூன்று பிள்ளைக்காரி, அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நீதான் தண்ணீர் கொடுத்து அனுப்பினாய். பிறகு என்னிடம், "கோடு எத்தனைன்னு சொல்றதுதான்டி நம்ம வேலை. நல்ல சேதியா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்" என்றாய். இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

உன் விஷயத்தில் நான் அடித்த கூத்துக்கு அளவே இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம், மடியில் பிள்ளை இல்லை என்றதும் உன் மாமியாரைவிட எனக்குத்தான் தூக்கம் போனது. டாக்டர் பெயர்கள், வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் சொன்னேன். உனக்குத் தெரியாமல் உன் ஜாதகத்தைக்கூட ஜோசியரிடம் காட்டினேன். நீ ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னாய். உப்பிலியபுரத்தில் அம்மா காட்டு வேலைக்குப் போக, தம்பி தங்கைகளை வளர்த்தவள் நீதான். "மூணு பேரை இடுப்புல தூக்கி இறக்கிட்டுத்தான் கழுத்தை நீட்டுனேன். இப்ப இடுப்பு காலியா இருக்கிறது நல்லாத்தான் இருக்கு." உன் வீட்டுக்காரருக்கும் அதே எண்ணம் என்றாய். நான் நம்பவில்லை. நரிக்கு எட்டாத பழம் புளிக்கத்தானே செய்யும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதவே கூசுகிறது.

நம் லேபில் வேலை பார்த்த சின்னப் பெண்ணுக்கு மாடி ஹாலில் வளைகாப்பு நடத்தினோமே, அன்றைக்குச் செய்ததுதான் பெரிய பாவம். அவள் மாமியார் உன்னைப் பார்த்த பார்வையைக் கவனித்தேன். உடனே உன்னைக் கூப்பிட்டு, பூ பற்றாது, காந்தி மார்க்கெட் போய் வாங்கி வா என்றேன். சாத்தார வீதியில் வரிசையாகப் பூக்கடை. ஐந்து நிமிஷ நடை. அதை விட்டுவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி உன்னைப் பஸ் ஏற்றினேன். நீ திரும்பி வந்தபோது எல்லாரும் வளையல் போட்டு முடித்துச் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூப்பையை என் கையில் கொடுத்து, "தள்ளி நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன்ல. எதுக்கு ரெண்டு பஸ்?" என்றாய். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சாதித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று பவித்ராவின் மாமியார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள், நீங்கள் சொன்னால்தான் உங்கள் பெண் கேட்பாள் என்றார். சரிங்க, பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கும் பேரப்பிள்ளை ஆசை இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அது பிள்ளைமேல் உள்ள ஆசையா, கல்யாண வீடுகளில் நாலு பேர் வாயை அடைக்கிற ஆசையா என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. கல்யாணமான பதினோராம் மாதம் பவித்ராவைப் பெற்றேன். வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அதனால்தானோ என்னவோ, காலையில் கார்டைக் குப்பையில் போட்டுவிட்டு அவளிடம் கேட்டேன்.

"உனக்கு வேணுமாடி, வேண்டாமா?"

உன்னிடம் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறேன், எப்போது என்று கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதே இல்லை. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு சொன்னாள்: "தெரியலம்மா. நீங்கள்லாம் கொஞ்ச நாள் பேசாம இருந்தீங்கன்னா, எனக்கு என்ன வேணும்னு எனக்கே கேக்கும்."

அவள் போனதும் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சமைத்து வைக்கிறேன், அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் என்றேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. சாயங்காலத்துக்குள் மூன்று முறை போனை எடுத்தேன், பவித்ராவிடம் இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. மூன்று முறையும் கீழே வைத்தேன். வாய் நமநமவென்கிறது. பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாளாவது இந்தக் கஷ்டத்தை உனக்காகப் பட்டிருக்கலாம்.