உள்பக்கம் பிதுங்கிய பசை

ஜூன் 5, புதன்
காலையிலிருந்து மழை. வெள்ளவத்தை ஸ்டேஷனில் குடைக்கம்பி ஒன்று முறிந்தது.

கொட்டாஞ்சேனைக் கராஜில் கெம்பஸ் பயிற்சி, மூன்றாம் மாதம். ரஞ்சனி அக்காவின் ஸ்கூல் வேன் வந்திருக்கிறது. சம்ப் ஒழுக்கு. அம்மாவுக்கு ஃபோனில் "என்ஜினுக்கு அடியில இருக்கிற எண்ணெய்ச் சட்டி" என்று விளக்கினேன். "சட்டி கழுவவா கெம்பஸ் போன?" என்றா.

தலைமை மெக்கானிக் ஜெயம் பாஸ் சொன்னார்: "இதை நீ மூடு தங்கச்சி." முதல் முழு வேலை. ஒழுகினால் திரும்ப ஃபைல் அடுக்கத்தான் விடுவார்.

சம்ப் விளிம்பில் பூசி மூடும் பசை வாங்கப் போனேன். கடைக்காரர் சிங்களத்தில், "மொன பாட்டத நங்கி?" என்ன நிறம் என்று, பிளவுஸ் துணிக்குக் கேட்பதுபோல. சிவப்பு, கறுப்பு, சாம்பல், நிறமில்லாதது. பொடி எழுத்தை வாசித்துக்கொண்டே நின்றேன். நிறமில்லாதது கண்ணாடிக்கு. சிவப்பு சூட்டுக்கு. கறுப்பிலும் எண்ணெய் தாங்கும், சாம்பலிலும் தாங்கும். பிறகு எதற்கு இரண்டு? சாம்பல் எடுத்தேன். சரியோ தெரியாது.

பாஸ்: "எல்லாம் ஒண்டுதான்."

ஜூன் 6, வியாழன்
பழைய பசை சுரண்டல். தின்னர். துணி. திரும்பத் தின்னர். நகத்துக்குள் கறுப்பு.

மெனுவலில் மூன்று மி.மீ. கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக. பாஸ் சிரித்தார். "புத்தகத்துச் சம்ப் புதுசு. இது காலிக்குப் போற ரோட்டுக் குழியெல்லாம் பாத்தது. நல்லாப் போடு."

மெனுவல்படி போட்டேன். மெல்லிசாய்த் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு கோடு. பாஸ் சொன்னதாலா, பயத்தாலா? போல்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினேன். சுற்றிவர ஒரே அளவில் பிதுங்கியது.

ஜூன் 7, வெள்ளி
எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினோம். துளி இல்லை. பாஸ் டோர்ச் அடித்துப் பார்த்து, "கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி" என்றார். அக்கா வேனை எடுத்துப் போனா. பஸ்ஸில் எனக்கு நானே சிரித்தேன். யாரோ பார்த்துவிட்டார்கள்.

ஜூன் 8, சனி
வெயில். அறைத் தோழி துஷா, இரண்டு கிரீம் கிராக்கருக்கு நடுவில் மாஜரின் பூசி அமத்தினாள். பிஸ்கட் ஓட்டையாலெல்லாம் புழு புழுவாக வந்தது.

வெளியே அவ்வளவு பிதுங்கியதென்றால், உள்ளே?

உள்ளே பிதுங்கியது அறுந்து விழுந்தால் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியில் போய் அடைக்கும். எண்ணெய் ஏறாது. என்ஜின் இறுகும். அறாமலும் இருக்கலாம்.

கராஜில் சொல்ல வாயெடுத்தேன். பாஸ் முந்திக்கொண்டார். "இனிச் சம்பெல்லாம் உனக்குத்தான்." தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 9, ஞாயிறு
டியூஷன் சென்டர் வாசலில் அதே வேன். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தெருவின் மறுபக்கம் இரண்டு தரம் நடந்தேன். பிறகு போனேன்.

"அக்கா, சிவப்பு லைட் ஏதும் பத்தினதா? எண்ணெய்க் குடம் மாதிரிப் படம் போட்டது."
"ஓம், காலமை வளைவில மினுங்கினது. பிறகு நிண்டுட்டுது. ஏன்?"
"ஓட்டாதீங்கோ."
"விசரா பிள்ளை? பதினாலு பேர் இருக்கினம்."
"நான்தான் பசையைக் கூடப் பூசிட்டன். உள்ளுக்க அடைச்சிருக்கலாம். வடிவாத் தெரியாது."

என்னை மேலும் கீழும் பார்த்தா. சாவியைத் திருப்பி எடுத்தா. "எல்லாரும் இறங்குங்கோ." ஒவ்வொரு தாய்க்கும் ஃபோன் எடுத்தா. நான் புத்தகப் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்னவள், "மிஸ், வேன் செத்துப் போச்சா?"

ஜூன் 10, திங்கள்
வேனைக் கட்டி இழுத்து வந்தார்கள். சம்பைக் கழற்றினோம். வடிகட்டியில் பாதிக்குச் சாம்பல் நிறப் பசை, நூடில்ஸ் மாதிரி. பயந்தது சரிதான். அதற்குச் சந்தோஷப்படலாமா?

பாஸ் அக்காவிடம், "பழைய என்ஜின்தானே, உள்ளுக்கு ஊத்தை சேரும்" என்றார்.
"ஊத்தையோ? இந்தப் பிள்ளை கூடப் பூசினது எண்டெல்லோ சொன்னது."

பாஸ் என்னைப் பார்த்தார். யாரைக் காப்பாற்றினார்? என்னையா, கராஜையா? நான் இப்போது யாரைக் காட்டிக்கொடுத்தேன்?

"சரி, இந்தமுறை ஆர் பூசுறது?" அக்கா கேட்டா.

பாஸ் புது ட்யூபை மேசையில் வைத்தார். தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். கோபமா, அனுமதியா, விளங்கவில்லை.

கையுறை போட்டேன்.