கை தூக்கியவள்

நஜ்மா பகுதி, தோஹா, கத்தார்
10.10.2008

அன்பு மச்சானுக்கு,

சலாம். இன்று அதிகாலை சுபுஹு தொழுததும் முதல் வேலையாக வேட்புமனுவை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். தேநீர் அதன் பிறகுதான். நம் தமிழர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் "அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டீர்கள் என்று எழுதுகிறேன்.

எதிரே நிற்பவர் துணிக்கடை செய்கு அலாவுதீன். ஒன்பது வருடமாக நான் பொதுக்குழுவில் இருக்கிறேன். சங்கத்தின் விதிகளில் பாதி நான் எழுதியவை. அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, ஆண்டுவிழாவுக்கு அவருடைய பிரியாணி மட்டும் வந்திருக்கிறது. ஆனால் பார்க்கத் தலைவர் மாதிரி இருக்கிறாராம். "விதி எழுத நீங்க, மேடைக்கு அவரு" என்று என் முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் முதுகுவலி எப்படி? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா?

அன்புடன்,
ருமைஸா

யான்பு, சவூதி அரேபியா
19.10.2008

அன்பு மனைவி ருமைஸாவுக்கு,

சலாம். தைலம் தீர்ந்துவிட்டது, வலி தீரவில்லை.

கோபப்படாமல் படி. என் ரூமில் இருக்கும் கௌஸ் முகம்மது அமெரிக்கத் தேர்தல் செய்தி ஒன்றையும் விடுவதில்லை. கவர்னராக இருந்தவர்கள் ஜனாதிபதி ஆகிவிடுகிறார்கள், செனட்டிலிருந்து நேராக 1960க்குப் பிறகு ஒருவரும் ஆகவில்லை என்கிறான். சட்டம் போடும் சபையில் உட்கார்ந்தவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று கை தூக்கியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் பகையாகிறார்கள். எல்லாம் எழுத்தில் வேறு இருக்கிறது.

உனக்கும் அதுதான். சங்கத்தின் 2002 தீர்மானப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் எங்கள் தொழிலாளர் கேம்ப் ஆபீசுக்கே பேக்ஸில் வந்தது. 'குடும்பத்தோடு வசிப்பவர்கள் மட்டுமே உறுப்பினர்.' ஆதரித்துக் கை தூக்கியவர்களில் மூன்றாவது பெயர் உன்னுடையது. அன்று நான் உன்னோடு தோஹாவில் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை. இன்று ஆறு பேர் படுக்கிற அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

இன்னொன்று. அலாவுதீன் பாய் போன் செய்தார். அவர் கடைக்கு மேனேஜர் வேண்டுமாம், விசா தயாராம். "வீட்ல சொல்லி மனுவை வாபஸ் வாங்கச் சொல்லுங்க தம்பி. அடுத்த மாசமே தோஹாவுல இருப்பீங்க" என்றார். நான்கு வருடம் ஆகிவிட்டது ருமைஸா. நம் மகள் சப்ரீனா என்னோடு இங்கிலீஷில் பேசுகிறாள், விருந்தாளியிடம் பேசுவது போல. முப்பதாம் தேதி வரை வாபஸ் வாங்கலாம். கலாஸ், விட்டுவிடு.

சாதிக் பாட்ஷா

நஜ்மா பகுதி, தோஹா, கத்தார்
29.10.2008

அன்பு மச்சானுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆபீசுக்குப் போய் வந்தேன்.

கௌஸ் முகம்மதுவிடம் சொல்லுங்கள்: இந்த முறை இரண்டு பெரிய கட்சிகளும் நிறுத்தியிருப்பது செனட்டர்களைத்தான். யார் தோற்றாலும் ஒரு செனட்டர்தான் ஜெயிக்கப்போகிறார்.

அந்தக் கை என்னுடையதுதான். விழாக்களில் தனி ஆண்கள் கூட்டம், பெண்கள் வரக் கூசுகிறார்கள் என்றார்கள். யோசிக்காமல் தூக்கினேன். தப்பு. நீங்கள் யான்புக்குப் போன பிறகுதான் எனக்கு அது புரிந்தது என்பது அதைவிடப் பெரிய தப்பு. 2006இல் அந்த விதியை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தவளும் நான்தான். ஒரே ஓட்டில் ஜெயித்தது. அதனால்தான் இன்று கேம்ப் ஆட்களுக்கு ஓட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் உங்களுக்கு பேக்ஸில் வரவில்லை, பார்த்தீர்களா?

போன வெள்ளிக்கிழமை இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு இன்டஸ்ட்ரியல் ஏரியா கேம்புக்குப் போனேன். வாசலிலேயே உடையப்பன் என்ற வெல்டர் மறித்தார். கையில் அதே 2002ஆம் வருடப் பக்கத்தின் ஜெராக்ஸ்.

"அக்கா, இது நீங்கதானா?"

"நான்தான்."

"போச்சு. இல்லைன்னு சொல்வீங்கன்னு பந்தயம் கட்டியிருந்தேன். இன்னிக்குப் பாத்திரம் பூரா நான்தான் கழுவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "உங்க வீட்டுக்காரர் கேம்புக்குப் போனதாலதானே அப்புறம் மாத்துனீங்க?"

"ஆமா."

"அலாவுதீன் முதலாளி எதுக்காவது கை தூக்கியிருக்காரா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பிரியாணி அண்டாவைக்கூடத் தூக்குனதில்லடா. அதையும் நாமதான் தூக்குனோம்" என்றார் உடையப்பன்.

ஓட்டுப் போடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

நீங்கள் வருவதில் எனக்கு ஆசையில்லை என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டில் நான் உங்களைத் தேடாத நாள் இல்லை. ஆனால் அந்த விசாவில் வந்து நீங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால், உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

நாளை வாபஸ் வாங்க மாட்டேன். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, வேட்பாளர்கள் பேசும் கூட்டம். ஒன்பது வருடத்தில் நான் எதற்கெல்லாம் கை தூக்கினேன் என்பதை, 2002ஐயும் சேர்த்து, நானே வாசிக்கப்போகிறேன். பிறகு, என்னை விலக வைக்க யார், யாருக்கு என்ன விசா தருவதாகச் சொன்னார் என்பதையும் சொல்வேன். உங்கள் பெயரையும் சொல்வேன். அதற்குப் பிறகு அந்த விசா இருக்காது. நீங்கள் என்னோடு பேசுவீர்களா என்பதும் தெரியாது.

சப்ரீனாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் கூட்டம் முடிந்திருக்கும்.

உங்கள்
ருமைஸா