தெருவைப் பார்க்கும் லட்சுமி பாதங்கள்

அனுப்புநர்:
கியார்சி பாய் மீனா,
கோலம், மருதாணிக் கலைஞர்,
குயவர் தெரு, தேவ்கேடி, ராஜஸ்தான்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், தேவ்கேடி.

பொருள்: என் பெயர் தாங்கிய லட்சுமி பாத ஸ்டிக்கர்களைத் தீபாவளிக்குள் அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நவராத்திரியில் என் முற்றத்தில் செம்மண் பூசி, சுண்ணாம்பால் நான் இட்ட லட்சுமி பாதங்களைத் தங்கள் ஊழியர்கள் படம் எடுத்தார்கள். அமைச்சர் வருகிறார் என்று அதையே ஸ்டிக்கராக்கி ஊர் வாசல்களில் ஒட்டிவிட்டார்கள். கீழே என் பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. பாதம் வீட்டுக்குள் நுழைவது போல இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஸ்டிக்கரில் விரல் நுனிகளை ஒட்டி நகராட்சி முத்திரை இருக்கிறதாம். அது தெருவில் வரும் அமைச்சர் கண்ணில் பட வேண்டுமென்று விரல்களைத் தெருப்பக்கம் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே எல்லா வீட்டிலும் லட்சுமி வெளியே போகிறாள். அவள் உள்ளே நுழையும் ஒரே இடம் பேருந்து நிலையக் கழிப்பறை. அங்கே பாதத்தின் மேல் பான் எச்சில் துப்பியிருக்கிறார்கள்.

3. தங்கள் மேற்பார்வையாளரிடம் முறையிட்டேன். "படம்தானே அத்தை, எந்தப் பக்கம் பாத்தா என்ன? எந்திரிச்சு நடந்தா போயிடப் போகுது?" என்று சிரித்தார். இந்த அலட்சியத்தை எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

4. தானியக் கடை பன்சிலாலின் ஸ்கூட்டர் களவு போனது. லட்சுமி வெளியே போனதால்தான் என்று பழி என் தலையில். தீபாவளிக்கு அடுத்த ஏகாதசியன்று திருமணம் நடக்கவிருக்கும் மணப்பெண் மன்பரின் தாயார், மருதாணிக்கு என்னை அழைத்தவர், நடுத்தெருவில் சொன்னார்: "லட்சுமிய வெளிய அனுப்புற கை, எம் மக கையைத் தொட வேணாம்." அதன்பின் எந்தக் கல்யாண வீடும் என்னைக் கூப்பிடவில்லை. இந்தக் கையைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

5. எனவே, ஸ்டிக்கர்களைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தனத்திரயோதசிக்குள் உரித்தெடுத்து, தவறு நகராட்சியுடையது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்குமாறு வேண்டுகிறேன். உரித்த வாசல்களில் நானே வந்து பாதம் இட்டுத் தருகிறேன். கழிப்பறையில் இருப்பதை முதலில் உரியுங்கள்.

6. இம்மனுவை நேரில் கொடுக்கவே வந்தேன். தங்கள் அலுவலக வாசல் நெடுகிலும் அதே பாதங்கள். தங்கள் ஊழியர்கள் செருப்போடு போய்வருகிறார்கள். என்னால் மிதிக்க முடியவில்லை. ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

இடம்: தேவ்கேடி
நாள்: 04.11.2023

நடவடிக்கை வேண்டி நிற்கும்,
(ஒப்பம்) கியார்சி பாய் மீனா