பச்சைக் காய்

மார்ச் 16
வீட்டுப் பக்கத்து மணல்வெளி வெறுமையா கெடக்கு. இந்நேரம் புளூபானெட் பூத்து முழுசும் நீலமா இருக்கணும். வேலியோரம் ரெண்டு மூணு செடி, அதுவும் நோஞ்சான்.

லோரீன் அக்கா ஜன்னல்லயே உக்காந்திருக்கா. “மேபலோட சட்டைய இஸ்திரி போட்டுட்டேன்டா. பூ வந்ததும் போட்டோ எடுத்துரு.” மேபல் பொறந்ததுலேருந்து வருஷா வருஷம் அம்மாவும் பொண்ணுமா அந்தப் பூவுக்குள்ள உக்காந்து ஒரு போட்டோ. இது ஆறாவது.

டாக்டர் அக்காவுக்கு ஏப்ரல் வரைக்கும்தான்னு சொல்லிட்டாரு.

மார்ச் 17
எழுதிடறேன். போன மே மாசம் காலேஜை விட்டுட்டு வந்தேன்ல? “சும்மா கெடக்கியே, புல்லாவது வெட்டேன்”னா அக்கா. முன்பக்கத்தைத்தான் சொன்னா. எனக்குக் கோவம். மெஷினை எடுத்து மணல்வெளியையும் சேத்து மழிச்சிட்டேன். புளூபானெட் பூ உதிர்ந்து, காய் பச்சையா இருந்துச்சு. காஞ்சு வெடிச்சு விதை கொட்டற வரைக்கும் வெட்டக்கூடாதுன்னு டெக்சஸ்ல பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒருவருஷச் செடி. விதை விழலைன்னா அடுத்த வருஷம் ஏது?

தெரிஞ்சேதான் வெட்டினேன்.

மார்ச் 25
“மழை பத்தல போல”ங்கறா அக்கா. ஆமான்னேன். சீ.

ஏப்ரல் 2
வண்டியில தலகாணி வச்சு அக்காவையும் மேபலையும் ஹைவேக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ரோட்டோரம் பூ கொட்டிக் கெடக்கு. போட்டோ எடுக்கக் குடும்பம் குடும்பமா வரிசையில நிக்கிறாங்க. அக்கா இறங்கவே இல்ல.

“அடுத்தவன் வரிசைல நின்னு சாகவாடா? வீட்டுக்கு விடு.”

“பூ இல்லியேக்கா.”

“எம்பொண்ணு இருக்கால்ல? அவள விடவா பூ?”

வீட்டுக்கு வந்து வெறும் மணல்ல ரெண்டு பேரும் உக்காந்தாங்க. மேபல் அம்மா தலையில மணல் போட்டா. அக்கா சிரிச்சா. எடுத்தேன். அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்ல? தொறக்கல.

ஏப்ரல் 19
காலைல போயிட்டா.

ஏப்ரல் 23
அடக்கம் முடிஞ்சு சர்ச் ஹால்ல சாப்பாடு. அக்காவோட நினைவு அட்டையில அந்தப் போட்டோவத்தான் போட்டிருந்தாங்க. வில்மா அத்தை கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்தாங்க. “எந்த பீச்சுடா இது? அழகா சிரிக்கிறா.”

ஆமான்னு தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்.

“பீச் இல்லத்தை. நம்ம பூவெளி. போன வருஷம் காய் பச்சையா இருக்கறப்போ நான்தான் வெட்டினேன். வேணும்னே.”

மேபல் அதுவரைக்கும் என் கையப் பிடிச்சுட்டு நின்னா. விட்டுட்டா.